எல்லை கடந்த ஆராய்ச்சியும் சிறு ஸ்தாபனங்களும்

பொதுமக்களிடம் வரியாகத் திரட்டிய பணத்தை, லாபம் கருதித் தொழில் நடத்தும் ஒரு சிறு ஸ்தாபனத்துக்கு, அதுவும் அயல்தேசத்துச் சர்வகலாசாலையோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வதற்காக, ஓர் அரசாங்கம் எடுத்துக் கொடுப்பது நியாயமா என்று கேட்டால், ஒரு தலைமுறைக்கு முன்பு பெரும்பாலான நிதி மந்திரிகள் இல்லை என்றே பதில் சொல்லியிருப்பார்கள். இன்று ஐரோப்பா முழுவதும், இஸ்ரேலிலும் கொரியாவிலும் கனடாவிலும், ஓரளவுக்கு நமது பாரத தேசத்திலும் இத்தகைய மானியங்கள் அரசாங்கங்களின் வழக்கமான காரியங்களுள் ஒன்றாகிவிட்டன. இந்த மாறுதல் எவ்வாறு நேர்ந்தது, நேர்ந்தபின் அதனால் விளைந்த நன்மை எத்தகையது, எந்த இடத்தில் அது தடுக்கி விழுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய செலவுக்கு ஆதாரமான தத்துவத்தை, பொருளாதார அறிஞர்களுள் 1959இல் ரிச்சர்ட் நெல்சனும் 1962இல் கென்னெத் ஆரோவும் தத்தம் கட்டுரைகளில் தெளிவாக நிறுவினார்கள். ஒருவர் தம் செலவில் கண்டறிந்த உண்மையை மற்றவர்கள் அதிகச் செலவின்றி எடுத்தாள முடியும் என்பதாலும், ஆராய்ச்சியின் முடிவு எவ்வளவு தேர்ந்த விஞ்ஞானிக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதாலும், சந்தையை மட்டும் நம்பியிருக்கும் சமூகம் தனக்கு வேண்டிய அளவைக் காட்டிலும் குறைவாகவே ஆராய்ச்சியில் முதலிடும் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். 1990இல் கோஹனும் லெவின்தாலும் இதற்கு வேறொரு பக்கத்தைச் சேர்த்தார்கள்: பிறர் கண்ட அறிவைக் கிரகித்துக்கொள்வதற்கே ஒரு ஸ்தாபனத்துக்குச் சொந்த ஆராய்ச்சிப் பழக்கம் இருந்தாக வேண்டும், அந்தப் பழக்கம் இல்லாதவன் வாசலில் அறிவை இலவசமாகக் கொண்டுவந்து கொட்டினாலும் அவனால் அதை அள்ளிக்கொள்ள இயலாது.

இந்த இரண்டு வாதங்களும் சிறு ஸ்தாபனங்களின் விஷயத்தில் இரட்டிப்பு வலிமை பெறுகின்றன. ஆயிரக்கணக்கான சிப்பந்திகளை வைத்திருக்கும் கம்பெனி, ஒன்பது முயற்சிகள் வீணானாலும் பத்தாவதில் ஈடுசெய்துகொள்ளும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்கோ முதல் முயற்சியே கடைசி முயற்சியாக முடிந்துவிடக்கூடும். அதற்கு வேண்டிய ஆய்வுக்கூடமும் நிபுணரும் அதே ஊரில் இருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. விஞ்ஞானம் நுட்பமாக நுட்பமாக, ஒரு குறிப்பிட்ட பிரச்சினையை அறிந்தவர்கள் உலகத்தில் நாலைந்து இடங்களில் மட்டுமே இருக்கிறார்கள். ஆகவே எல்லை கடந்த கூட்டு முயற்சிக்குப் பொதுப்பணம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டு அனுபவத்தை நோக்கும்போது, இத்திட்டங்களின் தராதரத்தை அவை வாரி வழங்கும் தொகையைக் கொண்டு அளப்பதைவிட, கூட்டிலுள்ள மிகச் சிறிய அங்கத்தினர் ஆரம்பம் முதல் இறுதிவரை சமமான அந்தஸ்தோடு நிலைத்து நிற்க முடிகிறதா என்பதைக் கொண்டு அளப்பதே பொருத்தம் என்பது என் துணிபு. உயரம் ஒவ்வாத மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் பாரம் முழுவதும் சின்ன மாட்டின் கழுத்தில் இறங்குவதுபோல், சர்வகலாசாலையையும் சிறு ஸ்தாபனத்தையும் ஒரே விதியால் பிணைக்கும்போது விதியின் சுமை சிறியவன்மீதே விழுகிறது.

இதற்கு உதாரணமாக ஐரோப்பாவைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம், அங்கேதான் இந்தப் பரிசோதனை மிக நீண்ட காலமும் மிகப் பெரிய அளவிலும் நடந்திருக்கிறது என்பதே. 1980களின் தொடக்கத்தில் மின்னணுத் தொழிலில் அமெரிக்காவும் ஜப்பானும் ஐரோப்பாவை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. 1982இல் ஜப்பான் தனது ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது ஐரோப்பியத் தலைநகரங்களில் உண்டான கலக்கம் கொஞ்சமன்று. ஐரோப்பிய கமிஷனில் தொழில்துறைப் பொறுப்பை வகித்த பெல்ஜியம் நாட்டவரான எத்தியென் தாவின்யோன், ஸீமன்ஸ், பிலிப்ஸ், ஒலிவெட்டி முதலான பன்னிரண்டு பெரிய கம்பெனிகளின் தலைவர்களை ஒரே மேஜையைச் சுற்றி அமர்த்தினார். ஒருவரையொருவர் போட்டியாளராகவே பார்த்துப் பழகிய அவர்களிடையே நடந்த அந்தப் பேச்சுக்களின் விளைவாக 1984இல் எஸ்பிரிட் என்ற திட்டம் பிறந்தது. முதல் ஐந்தாண்டுக்கு மதிப்பிட்ட 150 கோடி ஏக்யூவில் (யூரோவுக்கு முந்தைய ஐரோப்பியக் கணக்கு நாணயம்) பாதியை ஐரோப்பிய சமூகமும் பாதியைத் தொழிலதிபர்களும் ஏற்பது என்றும், வெவ்வேறு தேசங்களைச் சேர்ந்த இரண்டு தொழில் ஸ்தாபனங்களேனும் ஒவ்வொரு முயற்சியிலும் கூடியிருக்க வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. அதே ஆண்டில் பல துறைகளையும் ஒன்றாக அடக்கிய முதல் பல்லாண்டு ஆராய்ச்சித் திட்டமும் ஆரம்பமாயிற்று.

பெரியவர்களின் மேஜையில் பிறந்த திட்டத்தில் சிறியவர்களுக்கு இடம் பின்னால்தான் கிடைத்தது என்பதை இங்கே மறக்கலாகாது. 1987இல் அமுலுக்கு வந்த ஐரோப்பிய ஒருமைச் சட்டம் ஆராய்ச்சிக்குச் சட்டபூர்வமான ஆதாரத்தை அளித்த பிறகு, திட்டத்துக்குத் திட்டம் தொகை பெருகிற்று: இரண்டாம் திட்டத்தில் சுமார் 540 கோடி ஏக்யூ, 1994இல் தொடங்கிய நான்காம் திட்டத்தில் 1,320 கோடி, 2007 முதல் 2013 வரை நடந்த ஏழாம் திட்டத்தில் ஏறத்தாழ 5,000 கோடி யூரோ, 2021இல் தொடங்கிய ஹொரைசன் ஐரோப்பா திட்டத்தில் 9,550 கோடி யூரோ. இதற்கிடையில், கமிஷனின் அதிகாரத்துக்கு உட்படாத வேறொரு பாதையும் வேண்டும் என்று கருதிய பிரெஞ்சு ஜனாதிபதி மித்தெரானின் தூண்டுதலால் 1985இல் யூரேக்கா என்ற அமைப்பு உருவாயிற்று. பிற்காலத்தில் உலகமெங்கும் இசையைப் பரப்பிய எம்பி3 முறைக்கு அடிப்படையான ஆராய்ச்சி, எர்லாங்கன் சர்வகலாசாலையும் அங்குள்ள ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையமும் 1987 முதல் பங்குகொண்ட ஒரு யூரேக்கா முயற்சியில் வளர்ந்ததே ஆகும்.

சர்வகலாசாலையும் சிறு ஸ்தாபனமும் பொதுப்பணத்தால் கூடியதன் பலன் எத்தகையது என்பதைக் கிட்ட நின்று பார்க்க, 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் இறுதியில், ஆக்கார்ன் என்ற கணினிக் கம்பெனியிலிருந்து பிரிந்து, பன்னிரண்டு பொறியியலாளர்களோடு ஆர்ம் என்ற சிறு ஸ்தாபனம் தோன்றிற்று; கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு கிராமத்தில், பழைய களஞ்சியக் கட்டடம் ஒன்றில் அது குடியேறிற்று. முதல் ஆர்ம் கணிப்பானை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர், அதே ஆண்டில் தொழிலை விட்டு மான்செஸ்டர் சர்வகலாசாலைக்குப் பேராசிரியராகப் போனார். சாதாரணக் கணிப்பான் ஒவ்வொன்றும் ஒரு கடிகாரத் துடிப்புக்குக் கட்டுப்பட்டே இயங்குகிறது. துடிப்பு விழும்போதெல்லாம், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் உறுப்புகள் மின்சாரத்தைச் செலவழிக்கின்றன. கடிகாரமே இல்லாமல், ஓர் உறுப்பு தன் வேலையை முடித்தவுடன் அடுத்ததற்குக் கைமாற்றும் முறையில் ஆர்ம் கணிப்பானை அமைக்க முடியுமா என்று ஃபர்பர் ஆராயத் தலைப்பட்டார். ஆம்யுலெட் என்று பெயரிட்ட அந்த ஆராய்ச்சிக்கு எஸ்பிரிட் திட்டத்தின் பணம் கிடைத்தது; ஆர்ம் ஸ்தாபனமும் தன் உதவியை நல்கிற்று. 1994இல் முதல் ஆம்யுலெட் சில்லு கைக்கு வந்தது.

ஆம்யுலெட் சந்தையை வென்றதா என்றால், இல்லை. மூன்று தலைமுறைகள் வளர்ந்தும், கடிகாரம் வைத்த கணிப்பான்களே உலகத்தை ஆண்டன. ஐந்து ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்கும் தணிக்கையாளர் ஒருவர் இம்முயற்சியைத் தோல்வி என்றே எழுதியிருப்பார். ஆனால் அதே ஆராய்ச்சிக் குழுவில் பழுத்த அனுபவம், கடிகாரமின்றிச் செய்தியைக் கடத்தும் பின்னலாக உருமாறி, மனித மூளையின் நரம்பு வலையைப் போன்று இயங்கும் ஸ்பின்னேக்கர் என்ற யந்திரத்தில் இடம்பெற்றது; பத்து லட்சம் ஆர்ம் கணிப்பான்களைக் கொண்ட அந்த யந்திரம் மான்செஸ்டரில் 2018இல் முழு உருவத்தில் இயங்கத் தொடங்கிற்று. களஞ்சியத்தில் தொடங்கிய ஆர்ம் ஸ்தாபனம் என்ன ஆயிற்று என்பது கைபேசி வைத்திருக்கும் எவருக்கும் சொல்லாமலே விளங்கும். அதன் வளர்ச்சிக்கு ஐரோப்பிய மானியமே காரணம் என்று சொல்வது மிகை. ஆயினும், பிள்ளைப் பிராயத்தில் அது தனியே செய்யத் துணிந்திராத ஆராய்ச்சியை, வேறொருவர் கூரையின்கீழ், தன் கண்ணெதிரே நடத்திப் பார்த்துக்கொள்ள அந்தப் பணம் வழிசெய்தது. ஆராய்ச்சிக் கொள்கை அறிஞரான லியூக் ஜார்ஜியோவும் அவருடைய சகாக்களும் 1995இல் இத்தகைய விளைவை மானியத்தின் பலன்களுள் தனியாக எடுத்துக் காட்டினார்கள்: எத்தனை ரூபாய் கூடுதலாகச் செலவாயிற்று என்பதோடு நில்லாமல், ஸ்தாபனத்தின் நடத்தையே எவ்வாறு மாறிற்று என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இத்துறையில் எழுந்த கருத்துக்களுள் இதுவே மிகப் பயனுடையது என்று நான் கருதுகிறேன்.

இதுவரை சொல்லிவந்த சிறு ஸ்தாபனம் என்றால் எது என்பதைக் கமிஷன் 2003இல் வரையறுத்தது: 250க்குக் குறைந்த சிப்பந்திகள், ஆண்டு வியாபாரம் 5 கோடி யூரோவுக்கு அல்லது ஆஸ்தி நிலை 4.3 கோடி யூரோவுக்கு மேற்படாமை. பெரிய கம்பெனி ஒன்று நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அதன் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆக்கார்னும் ஆப்பிளும் பங்குதாரராக இருந்த அன்றைய ஆர்ம் ஸ்தாபனத்தை இந்த அளவுகோலால் அளந்தால், பன்னிரண்டே பேர் இருந்தும் அது சிறியது அல்ல என்று தள்ளப்பட்டிருக்கும்.

சிறியவர்களுக்கென்றே அமைந்த ஏற்பாடுகளுள், 1990களில் கிராஃப்ட் என்ற பெயரில் தொடங்கி ஏழாம் திட்டம்வரை வெவ்வேறு பெயர்களில் நடந்துவந்த ஒன்றைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். சொந்த ஆய்வுக்கூடம் இல்லாத சிறு ஸ்தாபனங்கள், ஏழாம் திட்டத்தின் விதிப்படி மூன்று தேசங்களிலிருந்து மூன்றேனும், ஒன்றாகச் சேர்ந்து தங்களுக்குப் பொதுவான ஒரு பிரச்சினையை முன்வைக்கும். சர்வகலாசாலைகளோ ஆராய்ச்சி நிலையங்களோ அவற்றின் பொருட்டு அந்த ஆராய்ச்சியைச் செய்து கொடுக்கும். விளைந்த அறிவின் உரிமை, வேறுவிதமாக உடன்பட்டாலன்றி, சிறு ஸ்தாபனங்களையே சேரும். பிரச்சினையைச் சொல்லும் உரிமையும் விளைவை ஆளும் உரிமையும் சிறியவன் கையில் இருந்தன. சர்வகலாசாலை கூலி பெற்று உழைக்கும் இடத்தில் நின்றது. நுகத்தின் உயரம் சின்ன மாட்டுக்கேற்ப அமைந்திருந்தது. 2014இல் தொடங்கிய ஹொரைசன் 2020 திட்டம் இதைக் கைவிட்டு, ஒரு ஸ்தாபனம் கூட்டாளியே இல்லாமல் தனியாக விண்ணப்பிக்கத்தக்க புதிய மானியம் ஒன்றை வகுத்தது: சாத்தியக்கூற்றை ஆராய 50,000 யூரோ, பின்பு ஆக்கப் பணிக்கு 5 லட்சம் முதல் 25 லட்சம் யூரோ. வேகமாக வளரத்தக்க சிலரைப் பொறுக்கியெடுத்து உயர்த்துவதற்கு இது ஏற்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தோல் பதனிடுபவர்களும் அச்சு வார்ப்பவர்களும் கருவி செய்பவர்களும் தங்கள் சாதாரணத் தொழிலை ஒரு படி உயர்த்திக்கொள்ளச் சர்வகலாசாலையின் கதவைத் தட்டுவதற்கு இருந்த வழி அன்றோடு குறுகிவிட்டது. அது வருந்தத்தக்க இழப்பு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனிப் பணம் வந்துசேரும் வழியைப் பார்ப்போம். நீரின் தூய்மையை ஒளியால் அளக்கும் கருவியைச் செய்யும் பன்னிரண்டு பேர் கொண்ட ஸ்தாபனம் ஒன்று, மூன்று தேசங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் கூட்டில் ஹொரைசன் 2020 திட்டத்தில் இடம்பெற்றதாக வைத்துக்கொள்வோம். விண்ணப்பக் கெடு முடிந்து எட்டு மாதத்துக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்பது விதி. இதற்கு முந்தைய திட்டத்தில் பட்ட தாமதத்தை நோக்க இது பெரிய முன்னேற்றம். முன்பணம் கூட்டின் தலைவருக்கு வந்து, அவர் மூலமாகப் பங்காளிகளுக்குப் பிரியும். அதிலும் மொத்த மானியத்தில் 5 சதவீதம் உத்தரவாத நிதிக்கெனப் பிடிபடும். பின்பு பதினெட்டு மாதம் வேலை நடக்கும். அதன் அறிக்கையை எழுத அறுபது நாள், அதைப் பரிசீலித்துப் பணம் அனுப்பத் தொண்ணூறு நாள். திட்டம் முடியும்வரை மானியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வராது. இந்த இடைவெளியெல்லாம் சர்வகலாசாலைக்கு ஒரு பொருட்டன்று. அதன் கஜானாவில் பல திட்டங்களின் பணம் சேர்ந்து கிடக்கிறது. கருவி செய்பவனோ ஒவ்வொரு மாத முடிவிலும் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். நூற்றைம்பது நாள் தாமதம் என்பது அவனுக்கு ஐந்து சம்பளத் தேதிகள்.

கணக்கெழுதும் வேலை இதைவிடக் கடினம். ஹொரைசன் 2020 திட்டத்தில் ஆண்டுக்கு 1,720 மணி நேரம் என்ற பொது அளவைக்கொண்டு ஒரு மணிக்கான சம்பளத்தைக் கண்டு, ஒவ்வொருவரும் இம்முயற்சிக்காக எத்தனை மணி உழைத்தார் என்பதை நேரப் பதிவேட்டில் எழுதி, மேலதிகாரி கையொப்பமிட்டு வைக்க வேண்டியிருந்தது. காலையில் ஆராய்ச்சி மேஜையில் உட்கார்ந்தவரே பிற்பகலில் வாடிக்கைக்காரரின் பழுதான கருவியைப் பிரித்துக்கொண்டிருப்பது சிறு ஸ்தாபனத்தின் அன்றாட இயல்பு. அந்த நாளை இரண்டு கட்டங்களாகப் பிரித்து எழுதிவைக்க அங்கே தனியாகக் குமாஸ்தா கிடையாது. கடைசித் தவணை வந்தபின்னும் இரண்டு ஆண்டுவரை தணிக்கையாளர் வரலாம். தாள்களை ஐந்து ஆண்டு காக்க வேண்டும். இத்திட்டங்களில் சிறு ஸ்தாபனங்களும் புதிதாக வருபவர்களும் கணக்கில் பிழை செய்வது மற்றவர்களைவிட அதிகம் என்று ஐரோப்பிய தணிக்கை மன்றம் பல முறை சுட்டிக்காட்டியிருக்கிறது. பிழைகளில் பெரும்பகுதி சம்பளக் கணக்கில் நேர்ந்தவை. பெரியவர்களுக்கென வகுத்த படிவத்தைச் சிறியவர்கள் நிரப்பியதால் வந்த பிழைகள் இவை என்று கொள்வதே நியாயம்.

உரிமைப் பங்கீட்டிலும் இதே ஏற்றத்தாழ்வு தலைகாட்டுகிறது. கூட்டில் சேருமுன் ஒவ்வொருவரும் வைத்திருந்த அறிவு அவரவருக்கே சொந்தம். கூட்டில் விளைந்தது விளைவித்தவருக்குச் சொந்தம். வேலைக்குத் தேவையானபோது ஒருவர் உடைமையை மற்றவர் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்பது பொதுவான ஏற்பாடு. எழுத்தளவில் இது சமநீதியே. ஆனால் ஆராய்ச்சி மாணவர் தம் பட்டத்துக்காகக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டியவர். வெளியான மறுகணமே காப்புரிமை கோரும் வாய்ப்பு ஐரோப்பாவில் பெரும்பாலும் அற்றுப்போகிறது. ஆகையால், வெளியிடுவதற்கு 45 நாள் முன்னதாகப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று ஹொரைசன் 2020 ஒப்பந்தம் விதித்தது. அடுத்து வந்த திட்டத்தில் அறிவிப்புக் காலம் 15 நாளாகக் குறைந்தது. பதினைந்து நாளுக்குள் ஒரு விஞ்ஞானக் கட்டுரையைப் படித்து, அதில் தன் தொழில் ரகசியம் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து, காப்புரிமை வக்கீலைக் கலந்து ஆட்சேபிப்பது, வக்கீலைச் சம்பளத்தில் வைத்திருக்கும் கம்பெனிக்கு எளிது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய அசாத்தியம்.

சிறியவனையே தலைவனாக நிறுத்தும் முயற்சியும் இல்லாமற்போகவில்லை. யூரேக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து 2008 முதல் நடத்திவரும் யூரோஸ்டார்ஸ் திட்டத்தில், ஆராய்ச்சியில் ஈடுபட்ட சிறு ஸ்தாபனமே கூட்டின் முதல்வன். இரண்டு தேசங்களேனும் சேர வேண்டும். மூன்றாண்டுக்குள் வேலை முடிந்து, அடுத்த இரண்டாண்டுக்குள் சரக்கு சந்தைக்கு வர வேண்டும். 2014 முதல் 2020 வரை இதற்கென ஒதுக்கிய சுமார் 114 கோடி யூரோவில் முக்கால் பங்கை உறுப்பு நாடுகளும் கால் பங்கை ஒன்றியமும் ஏற்றன. திட்டத்தின் நோக்கத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் ஒவ்வொரு தேசமும் தன் தேசத்தவருக்கு மட்டுமே, தன் விதிப்படி, தன் பையிலிருந்து பணம் கொடுக்கிறது. நிபுணர்கள் தகுதி வரிசையில் மேலே வைத்த முயற்சிகூட, கூட்டாளி ஒருவருடைய தேசத்தின் பை அந்த ஆண்டு வற்றிப்போனால் நின்றுவிடக்கூடும். ஜெர்மனியில் இருப்பவன் ஒரு விகிதத்திலும் அவன் கூட்டாளி வேறொரு விகிதத்திலும் மானியம் பெறுகிறார்கள். பொதுப் பெட்டி ஒன்றுக்கு உண்மையிலேயே பணத்தைக் கொட்டிவிடத் தேசங்களுக்கு மனம் வராதவரை இந்தக் குறை தீராது.

மனம் வந்த உதாரணமும் உண்டு. அமெரிக்காவும் இஸ்ரேலும் 1977இல் தொடங்கிய பேர்ட் நிறுவனம், இரு அரசாங்கங்களும் சேர்ந்து வைத்த 11 கோடி டாலர் மூலநிதியின் வருமானத்தைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. இரு தேசங்களிலிருந்தும் ஒவ்வொரு கம்பெனி சேர்ந்து விண்ணப்பித்தால் செலவில் பாதிவரை கொடுக்கும், சரக்கு விற்றால் வருமானத்திலிருந்து, கொடுத்ததைப் போல் ஒன்றரை மடங்குவரை திரும்பப் பெறும், விற்காவிட்டால் கேட்பதில்லை. வெற்றியில் பங்கு, தோல்வியில் மன்னிப்பு என்ற இந்த ஏற்பாடு நூறு பக்க விதிகளைவிடத் தெளிவானது. அமெரிக்காவின் உள்நாட்டுத் திட்டங்களோ வேறு வகை: 1982இல் சிறு ஸ்தாபனங்களுக்கென ஒன்றும், 1992இல் சர்வகலாசாலையோடு சேர்ந்தே ஆக வேண்டும் என்று விதிக்கும் மற்றொன்றும் சட்டமாயின. இரண்டாவதில் வேலையில் 40 சதவீதத்தைச் சிறு ஸ்தாபனமும் 30 சதவீதத்தை ஆராய்ச்சி நிலையமும் செய்தாக வேண்டும். பங்கை எண்ணாலேயே நிர்ணயித்த இந்த ஏற்பாடு போற்றத்தக்கது. ஆராய்ச்சி பொதுவாக அமெரிக்க மண்ணிலேயே நடக்க வேண்டும் என்பதால் எல்லை கடந்த கூட்டுக்கு அது உதவுவதில்லை.

தேர்வு முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹொரைசன் 2020 திட்டத்தில் விண்ணப்பங்களுள் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவே வென்றன. எட்டுப் பேர் எழுதினால் ஏழு பேர் உழைப்பு வீண். சர்வகலாசாலையில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. சிறு ஸ்தாபனமோ, விண்ணப்பம் எழுதித் தரும் ஆலோசகருக்குக் கட்டணமும் சில சமயம் வெற்றியில் ஒரு விகிதமும் கொடுக்கிறது. நல்ல விஞ்ஞானமும் நல்ல எழுத்தும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். எழுத்தை விலைக்கு வாங்க முடிந்தவர்களுக்கே பரிசு போகும் அபாயம் இதில் இருக்கிறது. 2004 முதல் ஒன்றியத்தில் சேர்ந்த பதின்மூன்று தேசங்கள் ஹொரைசன் 2020 பணத்தில் சுமார் 5 சதவீதமே பெற்றன என்பதற்கும் இது காரணங்களுள் ஒன்று. ஐரோப்பிய விஞ்ஞானம் சிறந்ததாயினும் அது தொழிலாகக் கனிவதில்லை என்று 1995இல் கமிஷன் தன் பசுமை அறிக்கையில் முறையிட்டது. இத்தாலியின் முன்னாள் பிரதமர் மாரியோ திராகி 2024இல் கமிஷனுக்கு அளித்த அறிக்கையிலும் அதே முறையீடு எதிரொலிக்கிறது.

அரசியல் குறுக்கிடுவதும் சாமானியம் அல்ல. 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த ஸ்விட்சர்லாந்து வாக்களித்ததும், அந்நாட்டின் சர்வகலாசாலைகள் ஐரோப்பியத் திட்டத்திலிருந்து ஓரளவு விலக நேர்ந்தது. அந்நாடு பின்பு சேர்ந்து, 2021இல் மறுபடி வெளியே நின்றது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபின் மூன்றாண்டு இழுபறிக்குப் பிறகே, 2024 ஜனவரி முதல் ஹொரைசன் ஐரோப்பாவில் சேர்ந்தது. இத்தகைய இடைவெளியில் சர்வகலாசாலைகள் தம் அரசாங்கத்தின் ஈட்டுத்தொகையால் பிழைத்திருந்தன. எல்லைக்கு அப்பால் ஒரே ஒரு கூட்டாளியை நம்பியிருந்த சிறு ஸ்தாபனம் அந்த உறவை மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

நம் தேசத்துக்கும் இதில் நேரடியான சம்பந்தம் உண்டு. ஐரோப்பாவோடு விஞ்ஞான ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2001இல் கையெழுத்தாயிற்று. 2014க்குப் பின் சீனா, பிரேசில் முதலிய நாடுகளைப் போலவே இந்தியப் பங்காளிகளும் ஐரோப்பியப் பணத்தைத் தாமாகவே பெறும் நிலை நீங்கி, தம் பங்கைத் தம் அரசாங்கத்திடமே பெற வேண்டியதாயிற்று. அவ்வாறு இரு பக்கமும் பணம் போட்டு நீர்த் தூய்மையைப் பற்றிய பல முயற்சிகள் நடந்தன; உதாரணமாக, பர்மிங்ஹாம் சர்வகலாசாலை தலைமை தாங்கிய இந்தியா-ஹெச்2ஓ என்ற முயற்சி குஜராத்தில் உவர்நீரையும் கழிவுநீரையும் சுத்திகரிக்கும் வழிகளை ஆராய்ந்தது. இஸ்ரேலோடு 2017இல் ஐந்தாண்டுக்கு 4 கோடி டாலர் என்று அமைந்த நிதி, இரு தேசத்துக் கம்பெனிகளும் சேர்ந்து புதுமைகளை ஆக்குவதை நோக்கமாகக் கொண்டது. கோயம்புத்தூர் பம்பு செய்பவர்களும் ஆம்பூர் தோல் தொழிலாளர்களும் போன்றோருக்கு, கூட்டாகப் பிரச்சினையை முன்வைத்து அயல்நாட்டுச் சர்வகலாசாலையின் உழைப்பைப் பெறும் பழைய கிராஃப்ட் முறையே மிகப் பொருத்தமானது. ஐரோப்பா கைவிட்ட அந்த ஏற்பாட்டை நாம் எடுத்தாள்வதில் குறைவொன்றும் இல்லை.

ஐரோப்பா இப்போது நேரப் பதிவேட்டின் தொல்லையைத் தீர்க்க வேறொரு வழியில் இறங்கியிருக்கிறது. 2018இல் பரிசோதனையாகத் தொடங்கி இப்போது விரிந்துவரும் மொத்தத் தொகை முறையில், ஒவ்வொரு வேலைப் பகுதிக்கும் இவ்வளவு என்று முன்னாலேயே தீர்மானித்து, அந்தப் பகுதி முடிந்தால் பணம் கொடுத்துவிடுவார்கள். எத்தனை மணி உழைத்தார்கள், என்ன செலவு செய்தார்கள் என்று கேட்கமாட்டார்கள். குமாஸ்தா இல்லாத ஸ்தாபனத்துக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. 2028இல் தொடங்க வேண்டிய அடுத்த திட்டத்துக்குக் கமிஷன் 2025 ஜூலையில் 17,500 கோடி யூரோ கேட்டிருப்பதால், இம்முறை மேலும் பரவுவதற்கே சாத்தியம் அதிகம். ஆனால் வேலைப் பகுதி ஒன்றைப் பல பங்காளிகள் பகிர்ந்து செய்யும்போது, பெரிய பங்காளி ஒருவர் தம் பாகத்தை முடிக்காமல் விட்டால் பகுதி முழுவதுமே முடியாததாகக் கருதப்பட்டு, தன் பாகத்தை ஒழுங்காக முடித்த பன்னிரண்டு பேர் ஸ்தாபனமும் பணம் கிடைக்காமல் காத்திருக்க நேரும். ஆகையால் இந்த முறையில் வகுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும், சிறு ஸ்தாபனத்தின் வேலையைத் தனிப் பகுதியாகவே எழுதி, அது முடிந்த மாத்திரத்தில் அதற்குரிய தொகை அதற்கே நேராகச் சேருமாறு ஒப்பந்தத்திலேயே விதிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் பணமோ தேவையில்லை, விண்ணப்பம் எழுதும் நாளில் கூட்டின் தலைவர் ஒரு பக்கத்தைக் கூடுதலாக எழுதினால் போதும்.